ஒதுக்கி வைத்த பதினைந்து நிமிடம்

கொங்கணக் கடற்கரையில் நடைபெற்ற ஒரு ட்ரையத்லான் போட்டி. மிதிவண்டிப் பாதையின் 58ஆவது கிலோமீட்டரை அந்த ஆய்வு மாணவர் நெருங்கியபோது, வளைவை அடுத்த சாலையோரத்தில் ஒருவர் விழுந்து கிடந்தார். வண்டி ஐந்தாறு அடி தள்ளிக் கிடந்தது. அதிலிருந்து கழன்று விழுந்த குடிநீர்ப் புட்டியிலிருந்து நீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. அவர் விழுந்து ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகியிருக்காது. மாணவர் வேகத்தைச் சற்றே தளர்த்தி, நலமா என்று ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டார். கிடந்தவர் ஒரு கையை அசைத்தார். அந்த அசைவின் பொருள் ‘போ’ என்பதா, ‘வா’ என்பதா என்று அறிந்துகொள்ள மாணவர் நிற்கவில்லை.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒருவரே செய்து முடிக்கும் போட்டி ட்ரையத்லான். 1978ஆம் ஆண்டு ஹவாயில் 15 பேருடன் தொடங்கி, 12 பேர் மட்டுமே முடித்த நெடும்போட்டியிலிருந்து கிளைத்தது ‘அயர்ன்மேன்’ மரபு. அதன் பாதியளவுள்ள போட்டியில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். எட்டரை மணி நேரத்திற்குள் முடித்தால் பதக்கம். ஐதராபாத்தில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த அந்தத் தமிழ் மாணவர் தமக்கு விதித்துக்கொண்ட இலக்கு ஆறு மணி நேரம். ஆய்வேடு நான்கு ஆண்டுகளாக முடிவு காணாமல் நீண்டுகொண்டிருந்தது. குறித்த நேரத்தில் முடியக்கூடிய காரியம் ஒன்றாவது தம் வாழ்வில் இருக்கட்டும் என்பதற்காகவே அவர் இப்போட்டிக்கு வந்திருந்தார்.

எஞ்சிய 32 கிலோமீட்டரிலும் அவர் மனம் காரணங்களை அடுக்கிக்கொண்டே வந்தது. அடுத்த தண்ணீர்ப் பந்தலில் தன்னார்வலர்கள் இருப்பார்கள். பின்னால் வருபவர் யாரேனும் நிற்பார். தமக்கோ முதலுதவி தெரியாது. பிறர் கை பட்டால் விழுந்தவர் தகுதி இழக்கவும் கூடும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு காரணமும் நியாயமாகவே தோன்றியது. ஆனால் தண்ணீர்ப் பந்தல் வந்தபோது, அங்கிருந்தவர்களிடம் செய்தி சொல்லவும் அவர் மறந்துபோனார். 5 மணி 58 நிமிடத்தில் இறுதிக்கோட்டைக் கடந்தார்.

மாலையில் மிதிவண்டியை எடுக்கச் சென்றபோதுதான் மற்றவை தெரியவந்தன. விழுந்தவருக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. மூளை அதிர்ச்சியும் ஏற்பட்டிருந்தது. ஏறத்தாழ நான்கு நிமிடம் அவர் தனியே கிடந்திருக்கிறார். பலர் கடந்து சென்றிருக்கிறார்கள். பிறகு மராட்டியப் பள்ளி ஆசிரியை ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறார். 30 கிலோமீட்டர்ச் சுற்றை மூன்று முறை வலம்வரும் பாதை அது. ஆகவே மாணவருக்கு 58ஆவது கிலோமீட்டராக இருந்த அதே இடம் ஆசிரியைக்கு 28ஆவது கிலோமீட்டர். மிதிவண்டிப் பகுதியை முடிப்பதற்கென்று தனிக் கெடு உண்டு. தம் வேகத்தில் அந்தக் கெடுவுக்குச் சுமார் கால் மணி நேரம் முன்னதாகவே சென்று சேர முடியும் என்பது ஆசிரியைக்குத் தெரியும். அவர் அங்கே 23 நிமிடம் நின்றார். கெடுவை 9 நிமிடத்தில் தவறவிட்டார். ஓட்டப் பகுதிக்குள் அவரை அனுமதிக்கவில்லை.

விரைபவர் ஏன் நிற்பதில்லை என்னும் கேள்வியைச் சமூக உளவியல் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஜான் டார்லி, டேனியல் பேட்சன் ஆகிய இருவர் செய்த ஆய்வு 1973இல் வெளியானது. ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்திற்குச் சென்று சிற்றுரை ஆற்றுமாறு மாணவர்களிடம் சொல்லப்பட்டது. சிலருக்குத் தரப்பட்ட தலைப்பு விவிலியத்தின் நல்ல சமாரியன் உவமை: அடிபட்டு வழியில் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டும் விலகிச் செல்ல, அயலானாகிய சமாரியன் நின்று உதவிய கதை. செல்லும் வழியில், ஒரு வாயிலருகே ஒருவர் சரிந்து கிடந்து இருமி முனகினார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்திருந்த நடிகர். நேரம் தாராளமாக இருப்பதாக நம்பியவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினர். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 விழுக்காட்டினர் உதவினர். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் உதவியோர் வெறும் 10 விழுக்காடு. சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவரா, வேறு பொருள் பற்றிப் பேசப் போகிறவரா என்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் விளையவில்லை.

இவ்வாய்வை நூலகத்தில் படித்தபோது மாணவருக்கு முதலில் ஆறுதலே உண்டாயிற்று. தம் குணத்தில் பழுதில்லை, பழுது கடிகாரத்தில்தான் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நிற்காது சென்றவர்களில் பலர் உரையாற்றும் இடத்தை அடைந்தபோது பதற்றத்துடன் காணப்பட்டனர் என்ற குறிப்பும் தம் 32 கிலோமீட்டர் மனநிலைக்குப் பொருந்தியது. எனினும் அந்த ஆறுதல் நெடுநேரம் நீடிக்கவில்லை. எட்டரை மணி நேரக் கெடுவுள்ள போட்டியை ஆறு மணியில் முடிக்க எண்ணியவரிடம் இரண்டரை மணி நேரம் மிச்சமிருந்தது. 23 நிமிடம் நின்றிருந்தால் அவர் இழந்திருக்கக்கூடியது தாமே வகுத்துக்கொண்ட ஓர் எண் மட்டுமே. ஆசிரியையின் அவசரமோ மெய்யானது. நின்றால் போட்டி கைவிட்டுப் போய்விடும் என்று அறிந்தே அவர் நின்றார். பிரின்ஸ்டன் கணக்கில் அவர் அந்தப் பத்து விழுக்காட்டைச் சேர்ந்தவர்.

தனிமனிதரின் மனச்சான்றோடு இக்கேள்வி முடிந்துவிடுவதில்லை. விளையாட்டுகளின் விதிகளுக்கும் இதில் பங்குண்டு. பாய்மரப் படகுப் போட்டிகளின் விதிநூலில் அடிப்படை விதியாக முதலில் நிற்பதே ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவி அனைத்தையும் செய்ய வேண்டும் என்பதுதான். அவ்வாறு உதவியதால் இடம் இழந்த படகுக்கு ஈடு வழங்கவும் அந்நூல் வழிவகை செய்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் புசான் கடலில் நடைபெற்றன. ஃபின் வகைப் போட்டியின் ஒரு பந்தயத்தில் கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாம் இடத்தில் சென்றுகொண்டிருந்தார். அப்போது பலத்த காற்றில் படகு கவிழ்ந்து தத்தளித்த சிங்கப்பூர் வீரர் இருவரைக் கண்டு, தம் பாதையை விட்டு விலகிச் சென்று மீட்டார். மீட்புப் படகு வரும்வரை காத்திருந்து, பின்னர் பந்தயத்தைத் தொடர்ந்து 22ஆவதாக வந்தார். நடுவர் குழு அவருக்கு அந்தப் பந்தயத்தின் இரண்டாம் இடத்தையே வழங்கியது.

ட்ரையத்லான் விதிகள் வேறொரு கவலையிலிருந்து பிறந்தவை. தன் உழைப்பால் மட்டுமே முன்னேற வேண்டும் என்பது இவ்விளையாட்டின் அடிப்படை. ஆகவே வெளியார் உதவிக்குத் தடை உண்டு. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கொசுமெல் நகரில் வெப்பத்தால் தள்ளாடிய தம்பி ஜானியை அலிஸ்டர் பிரவுன்லீ தோளில் தாங்கி இழுத்துச் சென்று, கோட்டருகே தமக்கு முன்னே தள்ளிவிட்ட காட்சியை உலகமே பாராட்டியது. அதன் பிறகு, மற்றொரு வீரரை உடல்வலுவால் முன்னோக்கிச் செலுத்துவது விதிப்படி தடுக்கப்பட்டது. ஆனால் விழுந்தவர் அருகில் நிற்பதும், பின்னால் வருவோரை எச்சரிப்பதும், ஆள் அழைப்பதும் யாரையும் முன்னே செலுத்துவன அல்ல. மருத்துவக் குழுவினரின் உதவிக்கு விதிகளே இடமளிக்கின்றன. சக வீரருக்குத் தண்ணீரோ, டியூபோ, காற்றடிக்கும் பம்போ கொடுப்பதற்கும் அனுமதி உண்டு. விழுந்தவர் தகுதி இழப்பார் என்று மாணவர் நினைத்தது அறியாமை. அந்தத் தருணத்தில் அவருக்கு வசதியாக இருந்த அறியாமை.

நெடுஞ்சாலை விபத்துகளிலும் இந்தியர்கள் பல காலம் இத்தகைய அச்சத்தோடுதான் ஒதுங்கிச் சென்றார்கள். காவல் நிலையத்திற்கு அலைய வேண்டும், சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும், தம்மீதே பழி விழும் என்று அஞ்சினார்கள். உதவுவோரைக் காக்கும் வழிகாட்டுதல்களுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் சட்ட வலு அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், 134ஏ பிரிவின் வழியாக, நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குச் சுமை விழாதபடி பாதுகாப்பளித்தது. சட்டம் இங்கே மக்களை நல்லவர்களாகுமாறு வேண்டவில்லை. நல்லது செய்வதற்கு அவர்கள் கொடுக்க வேண்டியிருந்த விலையைக் குறைத்தது. ட்ரையத்லானில் அந்த விலை நிமிடங்களாக வசூலிக்கப்படுகிறது. கணுக்காலில் கட்டிய டைமிங் சிப், நின்றவருக்கும் சேர்த்தே ஓடுகிறது.

விழுவதற்கான காரணங்கள் இப்போட்டியின் அமைப்பிலேயே உள்ளன. காற்றைக் கிழித்துச் செல்வதற்காக ஏரோ பாரில் முழங்கைகளை ஊன்றிக் குனிந்திருப்பவரின் விரல்கள் பிரேக்கிலிருந்து விலகியிருக்கும். வளைவில் படிந்த மணலோ, முன்னவர் தவறவிட்ட புட்டியோ, பக்கவாட்டுக் காற்றோ வந்தால் கையை மாற்றிப் பிரேக் பிடிப்பதற்குள் சக்கரம் வழுக்கிவிடும். விழுந்தவர் உடனே எழுந்து வண்டியேற முயல்வதும் இயல்பு. தலையில் அடிபட்டவர் தம் நிலையைத் தாமே மதிப்பிட இயலாது. ஆசிரியை நின்றிருந்த 23 நிமிடத்தில் அந்த மனிதர் இது எத்தனையாவது கிலோமீட்டர் என்று பலமுறை கேட்டாராம். மும்முறை வண்டியைத் தேடி எழ முயன்றாராம். ‘நலம்’ என்று கையசைத்தவரின் நிலை அது.

ஆசிரியை அங்கே செய்தவை எளியவை. தம் வண்டியை முன்னதாகவே சாலையோரம் நிறுத்தி, வருவோர் கண்ணில் படுமாறு கையை உயர்த்தினார். கிடந்தவரின் கழுத்தை அசைக்கவில்லை, தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. வெயில் படாதபடி மறைத்து நின்றார். அடுத்து வந்தவரிடம் வீரரின் எண்ணையும் கிலோமீட்டர்க் கணக்கையும் சொல்லி, முன்னுள்ள பந்தலில் தெரிவிக்கச் சொன்னார். எல்லோரும் நின்றாக வேண்டும் என்பதில்லை. முதலில் வருபவர் நிற்க வேண்டும். இரண்டாமவர் செய்தியைக் கொண்டுசெல்ல வேண்டும். மாணவர் முதலாமவராகவும் இருக்கவில்லை, இரண்டாமவராகவும் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு அவர் மீண்டும் அப்போட்டிக்குப் பெயர் கொடுத்தார். அதற்கு முன் முதலுதவிப் பயிற்சி பெற்றார். பந்தயத் திட்டத்தை எழுதும்போது நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகியவற்றின் கீழ் நான்காவதாக ஒரு வரி சேர்த்தார்: ‘பிறர் பொருட்டு, 15 நிமிடம்’. ஓடும் வண்டியில் முடிவெடுக்கும் திறன் தமக்கு இல்லை என்பதை அறிந்துகொண்டதால், அறையில் அமர்ந்தே முடிவெடுத்து வைத்தார். அவ்வாண்டு அவர் கண்ணெதிரே யாரும் விழவில்லை. டயர் பழுதாகி, மாற்று டியூபும் தீர்ந்து நின்ற ஓர் இளைஞருக்குத் தம்முடையதைக் கொடுத்துக் கழற்றி மாட்ட உதவினார். நான்கு நிமிடம் செலவாயிற்று. எஞ்சிய பதினொன்று செலவாகாமலே கிடந்தது. முந்தைய ஆண்டின் கடனை அடைக்க வாய்ப்புக் கிடைக்கும் என்று எண்ணியிருந்தவருக்கு அது கிடைக்கவில்லை.

உதவுவதற்காக நிற்பவருக்கு அந்த நேரத்தைத் திருப்பித் தர வேண்டும், குறைந்தது அவரது கெடுவையாவது நீட்டிக்க வேண்டும் என்று போட்டி அமைப்பாளர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். கருத்து பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. முதலாண்டின் முடிவுப் பட்டியல் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. மாணவரின் பெயருக்கு எதிரே 5:58 என்றும், ஆசிரியையின் பெயருக்கு எதிரே ‘முடிக்கவில்லை’ என்றும் உள்ளது. அக்கடிதத்தின் படியை ஆசிரியைக்கும் அனுப்பி, அன்று தாம் நிற்காமல் சென்றதையும் மாணவர் ஒளிக்காமல் எழுதியிருந்தார். ஆசிரியை இரண்டு வரியில் பதில் எழுதினார். நேரத்தைப் பற்றியோ பட்டியலைப் பற்றியோ அதில் ஒன்றுமில்லை. அந்த மனிதரின் காறை எலும்பு கூடிவிட்டதா, தெரியுமா என்று மட்டும் கேட்டிருந்தார். மாணவருக்குத் தெரியவில்லை. அன்றுதான் அவர் அதை விசாரிக்கத் தொடங்கினார்.