லாஸ் வேகாசில் நாம் நடந்த வழி

"விடுமுறைக்குப் போவதற்குச் சூதாட்ட விடுதிதானா கிடைத்தது?" என்று எம்மை நகையாடுகின்றனர் ஆசிரிய நண்பர். கணிதம் கற்பிப்பவன் சூது மண்டபத்துள் நுழைந்தால் நகைப்பு எழுவது இயல்பே. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழும் எம் தங்கையார் தம் காரிலே எம்மைக் கொண்டுசென்று காட்டிய காட்சி அது. எமது அன்னையாரும் உடன் வந்தார். அவரை அழைத்துச் செல்ல எமக்கு உள்ளூர விருப்பமில்லை. ஏன் என்பதைப் பின்னர் கூறுவோம்.

லாஸ் வேகாசின் பெருந்தெரு ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளமுடையது. இருமருங்கும் உலக அதிசயங்கள் விடுதிகளாய் நிற்கின்றன. தென்புறத்திலே 1993இல் திறக்கப்பெற்ற லக்சோர் என்னும் எகிப்தியக் கூர்ங்கோபுரம். அதன் சுவர் சாய்ந்திருப்பதால் மின்தூக்கியும் 39 பாகைச் சாய்விலேயே ஏறுகின்றது. அப்பால் நியூயோர்க், அதற்கும் அப்பால் பாரிஸ். "அந்தா கோபுரம் தெரிகிறது, நடந்தே போகலாம்" என்றான் மகன். பாலைவன வெயிலில் முக்கால் மணி நேரம் நடந்தும் கோபுரம் கிட்ட வரவில்லை! விடுதிகளின் பருமன் தூரத்தை மறைத்துவிடுகிறது. அந்த ஐபெல் கோபுரம் மெய்யானதிற் பாதி, 165 மீற்றர் உயரம்.

நியூயோர்க் விடுதியின் முன் நிற்கும் சுதந்திர தேவியைப் பற்றி ஒரு கதை உண்டு. 2010இல் அமெரிக்க அஞ்சற்றுறை தேவியின் உருவம் பொறித்து முத்திரை வெளியிட்டது. படமோ மூலச் சிலையினதன்று; இவ்விடுதிப் போலியினது! போலியைச் செதுக்கிய சிற்பி வழக்காடி, 2018இல் 35 இலட்சம் டொலருக்கு மேல் ஈடு பெற்றார். இதைக் கேட்டு அன்னையார் வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மாலையில் வெனிஸ் விடுதியின் கால்வாயைக் காணச் சென்றோம். செல்லும் வழியோ சூது மண்டபத்தினூடாக. அங்கே சாளரமில்லை, கடிகாரமும் எம் கண்ணிற்படவில்லை. இருபத்தொரு வயது நிரம்பாதோர் நடந்து கடக்கலாம், தரித்து நிற்கலாகாது. சுழற்சக்கரம் ஒன்றின் அருகே அன்னையார் நின்றுவிட்டார்.

"இது என்ன, தம்பி?"

முந்திக்கொண்டு மகன் விளக்கினான்: "அப்பம்மா, சக்கரத்திலை 38 குழி இருக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு டொலர் வைச்சால் 38 போகும். வெல்லுற குழிக்கு 35 தந்து, வைச்ச ஒன்றையும் திருப்பித் தருவினம். மொத்தம் 36. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு டொலர் அவைக்கு."

"கணக்குத் தெரிஞ்ச ஆக்களும் இதிலை இருக்கினமோ?"

மகன் விடை சொல்லத் தெரியாமல் எம்மை நோக்கினான். எமது தந்தையார் கந்தோர் எழுதுநர். நாலு வரிக் கூட்டலை வாயாற் சொல்லுவார். கடுதாசி விளையாட்டிலே முதலிற் சம்பளம் போயிற்று; பின் அன்னையாரின் தாலிக்கொடி அடைவு கடைக்குப் போய், மீளவேயில்லை. பிள்ளைகளுக்கு இதனை நாம் ஒருபோதும் சொன்னதில்லை. கணிதத்தை நாம் விரும்பிக் கற்றதற்கும் இதுவே காரணமோ என்று சில வேளை ஐயுறுவதுண்டு.

காவலர் ஒருவர் பண்போடு மகனுக்கு வழி காட்டினார். அவன் தாயாருடன் அப்பாற் சென்றான். அன்னையார் நகரவில்லை. மேசையோரம் நரைத்த தலையினர் ஒருவர் எஞ்சிய வில்லைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவரையே பார்த்திருந்தார் அன்னையார். சினமோ வெறுப்போ அம்முகத்தில் இல்லை. அதுவே எம்மைக் கலக்கிற்று.

எட்டு வயதில், சீட்டாடும் வீட்டு வாயிலிலே, அரிக்கேன் லாம்பு ஏந்தி இவர் நின்றதும், இவர் கையைப் பற்றியபடி நாம் நின்றதும் நினைவுக்கு வந்தன. உள்ளே இருப்பவரை இவர் ஒருநாளும் வைததில்லை. ஒரே சொற்றொடரைத்தான் சொல்லுவார்.

இப்பொழுது அவர் எம் கையைப் பற்றினார். அந்த நரைத்தவரை விட்டுக் கண்ணெடாமலே, மெல்லிய குரலிற் சொன்னார்:

"நேரமாச்சு, வீட்டை போவம்."