ஏழு மணிச் சங்கு

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டம் மஞ்சளுக்கும் கரும்புக்கும் பெயர்போனது. அங்கே கடேகாவ் வட்டத்தில் இருக்கிறது மோஹித்யாஞ்சே வட்காவ். சுமார் 3,000 பேர் வசிக்கும் இந்தச் சிற்றூர் 2022இல் நாடு முழுவதும் பேசப்பட்டது. காரணம், கோயில் உச்சியில் பொருத்திய ஒரு சங்கு. மாலை ஏழு மணிக்கு அது ஊதியதும் டிவிகள் அணைந்தன. செல்போன்கள் கைமாறி அலமாரிக்குப் போயின. எட்டரைக்கு மறுபடி ஊதும்வரை பிள்ளைகள் படித்தார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வினை தொடங்கியது கொரோனா காலத்தில். பள்ளிகளை மூடியபோது பாடம் செல்போனுக்குள் போயிற்று. பிள்ளை கையில் அதைக் கொடுத்தவர்கள் பெற்றோரேதான். வேறு வழியும் இல்லை. பள்ளி திறந்த பிறகும் போன் கையைவிட்டு இறங்கவில்லை. பாடம் இருந்த இடத்தில் விளையாட்டும் வீடியோவும் வந்து உட்கார்ந்துகொண்டன.

பஞ்சாயத்துத் தலைவர் விஜய் மோஹித்தே தன் யோசனையைச் சொன்னபோது ஆண்கள் சிரித்தார்கள். பெண்களைக் கூட்டிப் பேசிய பிறகே காரியம் நடந்தது. தாங்களும் சீரியல்களில் மூழ்கிக் கிடப்பதை அவர்கள் மறைக்கவில்லை. சுதந்திர தினத்துக்கு முதல் நாள், ஆகஸ்ட் 14 அன்று, சங்கு வாங்க முடிவாயிற்று. சொன்னவுடன் எல்லோரும் கேட்டுவிடவில்லை. அங்கன்வாடி ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசவேண்டியிருந்தது.

ஊர் கூடித் தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பழைய சதாரா மாவட்டத்தோடு சேர்ந்திருந்த இந்த வட்டாரத்தில்தான், 1943 முதல் 1946 வரை, நானா பாட்டீலின் 'பிரதி சர்க்கார்' வெள்ளையரைப் புறந்தள்ளி நிர்வாகம் நடத்தியது.

அதே 2022இன் இறுதியில், அதே மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்து பான்சி கிராமம் வேறு வழியில் போயிற்று. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் செல்போனைத் தொடக்கூடாது என்று அதன் பஞ்சாயத்து தீர்மானம் போட்டது. கவலை ஒன்றுதான். ஆனால் அங்கே கட்டுப்பாடு பிள்ளைகளுக்கு, வட்காவில் எல்லோருக்கும்.

இந்த வித்தியாசம் சிறியதல்ல. ஒரு பிள்ளையிடமிருந்து மட்டும் போனைப் பிடுங்கினால், நண்பர்கள் அங்கே விளையாடிக்கொண்டிருக்க, தான் மட்டும் தண்டிக்கப்பட்டதாகவே அது நினைக்கும். ஊரே அணைத்து வைத்தால் இழப்பதற்கு எதுவும் இல்லை. அப்பா வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே "படி" என்று அதட்டும் அபத்தமும் இல்லை.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2021ஆம் ஆண்டு நெறிமுறை. ஆனால் நெறிமுறை வீட்டுக்குள் வந்து போனை அணைக்காது. அதற்கு ஒரு நேரம் வேண்டும், கூட்டாளிகள் வேண்டும். மும்பையிலோ டெல்லியிலோ ஓர் அடுக்குமாடியில் கோயில் சங்கு ஊதப்போவதில்லை. ஒரே மாடியில் குடியிருக்கும் நான்கு குடும்பங்கள் பேசிவைத்துக்கொண்டு, சாப்பாட்டு வேளையில் போன்களை ஒரு கூடையில் போடலாம். கூடையில் முதலில் விழவேண்டியது அப்பாவின் போன்.