ஆட்டமா, சூதாட்டமா?

பிறர் தொடங்கும் தொழிலுக்கு அறிவுரை கூறுதல் எளிது. பொருளை இழப்பவர் நாமல்லவே! சென்ற ஆண்டு மாரிக் காலத்து மாலையொன்றில், நம்மிடம் முன்னர்ப் பயின்ற இளைஞர் ஒருவர் ஏறாவூரிலுள்ள நமது இல்லம் நாடி வந்தபோது இதனை உணர்ந்தோம்.

கட்டாரில் எட்டாண்டுகள் உழைத்துத் திரும்பியவர் அவர். "சேர், சேமித்த காசில் விளையாட்டுக்கூடம் ஒன்று திறக்க எண்ணியிருக்கிறேன். வீடியோ விளையாட்டுகளுடன் பின்பால் பொறிகள் இரண்டும் வைப்பேன்" என்றார்.

கண்ணாடி மூடிய சாய்பலகையில் உருக்குப் பந்து உருண்டோடும். அது கீழே வீழ்ந்துவிடாதபடி சிறு மட்டைகளால் தட்டி மேலே அனுப்புதலே பின்பால் ஆட்டம்.

"இது சூதாட்டமல்லவா, தம்பி?" என்று கேட்டுவிட்டோம்.

அன்றிரவு அதன் வரலாற்றைப் படித்தோம். 1942 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரபிதா லாகார்டியாவும் அவ்வாறே கருதி, அவ்வாட்டத்தைத் தடைசெய்து, பொறிகளைச் சம்மட்டியால் உடைப்பித்தார். அக்காலத்தில் பந்து பெரும்பாலும் தன் போக்கிலேயே உருளும். ஆடுவோன் கைக்கு வேலை குறைவு. மட்டைகள் பொருத்திய பொறி 1947 இல் வந்தது. 1976 இல் ரோஜர் ஷார்ப் என்பார், பந்து செல்லும் வழியை முன்னரே கூறி, நகரசபையார் கண்முன் அவ்வாறே செலுத்திக் காட்டினார், தடை நீங்கிற்று. கை தேர்ந்தவனுக்கு அது ஆட்டம், தேராதவனுக்கே சூது.

மறுநாள் அவரிடம் நமது பிழையை ஒப்புக்கொண்டோம். பின்னர், "பொறி பழுதானால் திருத்துபவர் யார்?" என்று வினவினோம்.

"கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும், சேர்."

ஓயாது மோதும் பந்தினால் ரப்பர் வளையங்கள் தேயும், மின்சுருள்கள் கருகும், நமது வாவிக்காற்றில் இரும்பு துருவேறும். பொறி நின்றால் வருவாயும் நிற்கும். கைப்பேசியில் விளையாட்டு இலவசமாய்க் கிடைக்கும் இந்நாளில், ஓடாத பொறியைக் காண எவர் வருவார்? பெருநிறுவனமான வில்லியம்ஸே 1999 இல் பின்பால் தயாரிப்பைக் கைவிட்டது.

"திருத்தத் தெரியாதவனுக்கு இத்தொழிலும் சூதுதான், தம்பி" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "மனைவியின் நகையையும் அடகு வைக்க இருந்தேன், சேர்" என்றார்.

இப்பொழுது அவர் மட்டக்களப்பில் மின்சாதனம் திருத்தும் கடையொன்றில் கைபழகி வருகிறார். கூடம் திறக்கும் எண்ணத்தை விடவில்லை. நகை வீட்டில் இருக்கிறது.