துக்க வீட்டில் தேவாரம்

தேவாரம் படிக்கப் போனபோது எனக்கு மேடை ஆசை இல்லை. துக்க வீடுகளில் பாட வேண்டும், அவ்வளவுதான். அம்மாவின் கருமாதிக்கு வந்த அடியார்கள் பாடியதைக் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் வாய்விட்டு அழுதோம்; அழுத பிறகுதான் சாப்பிட்டோம். அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டே தீர வேண்டும் என்று தோன்றியது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஓய்வுபெற்ற ஓதுவார் ஐயா ஒருவர் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். நானும் அவர்களோடு போய் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னதும், "அப்படின்னா அப்பர் சுவாமிகள்லேருந்து தொடங்குவோம் தம்பி. துக்கத்தை அவர் அளவுக்குப் பார்த்தவங்க யாரு?" என்றார்.

அப்பர் எங்கள் மண்ணின் பிள்ளை. பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தை புகழனாரும் தாய் மாதினியாரும் போய்விட்டார்கள். அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். உயிரை விடத் துணிந்த அக்கா, தம்பி காலில் விழுந்து அழுததால் அவனுக்காக உயிரோடு இருந்தார். பல ஆண்டுகள் கழித்துச் சூலை நோயில் துடித்தபடி தம்பி வந்து சேர்ந்ததும் அதே அக்காவிடம்தான். சேக்கிழார் இதையெல்லாம் பெரியபுராணத்தில் சொல்கிறார். அந்த நூல் அரங்கேறியது சிதம்பரத்தில், ஆயிரங்கால் மண்டபத்தில்.

முதல் பாடம், அந்தச் சூலை நோயின் வேதனையில் திருவதிகையில் அப்பர் பாடிய முதல் பதிகம்; பண் கொல்லி, இன்றைக்கு நவரோசு ராகத்தில் பாடுகிறோம். ஐயா உடனே பாடவிடவில்லை. முதலில் பதம் பிரித்து வாசிக்க வேண்டும். பிறகு பொருள் சொல்ல வேண்டும். அதன்பின் தாளம் இல்லாமல் சுத்தாங்கமாகப் பாட வேண்டும். தாளத்தோடு பண்ணாங்கமாகப் பாடுவதெல்லாம் கடைசியில்தான். குடலைச் சுருட்டும் வலியைத் தாங்க முடியவில்லை என்று அப்பர் முறையிடும் இடங்களில் பிருகா போடக் கூடாது என்பது ஐயாவின் கட்டளை. "வலியைச் சொல்ற இடத்துல வித்தையைக் காட்டாதீங்க. சொல்லு தெளிவா விழணும். அழுறவங்க காதுக்கு ராகம் எட்டாது, சொல்லுதான் எட்டும்."

சுருதியையும் இறக்கி வைத்துப் பழக்கினார். கோயிலில் தூணைத் தாண்டிக் குரல் போக வேண்டும். துக்க வீட்டில் பக்கத்தில் இருப்பவர் கூடவே முணுமுணுக்க முடிய வேண்டும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கொஞ்சம் இடம் விட வேண்டும். அந்த இடைவெளியில் யாராவது விம்மினால், அது அடங்கிய பிறகே அடுத்த அடி.

அடுத்து நமச்சிவாயப் பதிகம். பண் காந்தார பஞ்சமம், ராகம் கேதாரகௌளை. கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் பாடியது. அந்தக் கல்லே தெப்பமாகி அவர் கரை சேர்ந்த இடம் என்று எங்கள் கடலூர்ப் பக்கம் கரையேறவிட்டகுப்பம் என்றொரு ஊரே இருக்கிறது. ஆனால் இதே கடல்தான் 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் உயிர்களை அள்ளிக்கொண்டு போனது. சுனாமியில் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மாவின் வீட்டுக்கு நினைவு நாளில் பாட அழைத்தார்கள். கல் மிதந்த கதையை அங்கே எந்த முகத்தோடு பாடுவது என்று ஐயாவிடம் கேட்டேன்.

"பாட்டை நல்லாப் பாருங்க தம்பி. கரையேறின பிறகு பாடினதில்ல அது, கடலுக்குள்ள கிடக்கிறப்போ பாடினது. கரை சேர்ப்பேன்னு அதுல வாக்கு இல்ல. கடல்ல போட்டாலும் துணை இருக்குன்னுதான் இருக்கு."

அன்று அந்தப் பதிகத்தைப் பாடினேன். அந்த அம்மா ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் நமச்சிவாய என்று சேர்ந்து சொன்னார். "மறுபடி பாடுப்பா" என்று கேட்டார். மறுபடியும் பாடினேன்.

பிறகு ஐயா என்னைச் சிதம்பரத்தில் நடக்கும் திருவாசக முற்றோதல்களுக்கு அனுப்பினார். காலையில் சிவபுராணத்தில் தொடங்கி 51 பகுதிகளையும் பெரும்பாலும் மோகனத்தில் பாடி முடிக்க மாலை ஆகிவிடும். நீத்தல் விண்ணப்பத்தின் 50 பாடல்களிலும் மாணிக்கவாசகர் கேட்பது ஒன்றுதான்: என்னைக் கைவிட்டுவிடாதே. பக்கத்தில் இருப்பவர்கள் அதைச் சொந்த விண்ணப்பமாகவே பாடுவதைக் கேட்டேன். இறப்பு வீட்டில் பாடும் யாத்திரைப் பத்தை நான் கற்றதும் அந்தக் கூட்டத்தில்தான்.

ஆறுதல் சொல்லத் தெரியாமல் துக்க வீட்டு வாசலிலேயே நின்று திரும்புகிறவர்கள் நம்மில் நிறைய பேர். எல்லாம் விதி, காலம் ஆற்றிவிடும் என்கிறோம். அந்தச் சொற்கள் அழுபவரின் வாயை அடைக்கின்றன. தேவாரமும் திருவாசகமும் அடங்கிய திருமுறை அப்படிச் செய்வதில்லை. வலியை வலி என்றே சொல்ல அது இடம் கொடுக்கிறது; பிறகு பக்கத்தில் துணையை உட்கார வைக்கிறது. அதுதான் நான் கண்ட நம்பிக்கை.

ஒரே ஒரு பதிகமாவது பதம் பிரித்து, பொருள் தெரிந்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. உங்கள் தெருவில் ஒரு சாவு விழும்போது போய் உட்கார்ந்து, மெதுவாகப் பாடுங்கள்.