பிள்ளை பல்லை எடுப்பதில்லை

திங்கள்

மசக்கையோடு தங்கச்சி சாயர்புரம் வந்திருக்கிறாள். மூன்றாம் மாதம். விடியுமுன்பே கொல்லையில் ஓங்கரிக்கும் சத்தம். அது ஓய்ந்ததும் பிரஷ்ஷால் தேய்க்கும் சத்தம். வாய்க்கசப்புப் போகட்டும் என்று அழுத்தித் தேய்க்கிறாள். கருப்பட்டிக் காப்பியை ஒரு மிடறு குடித்ததும் முகம் சுளித்தாள்.

"பல்லு கூசுதுக்கா."

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார்: "பிள்ளைத்தாச்சிக்கு அப்படித்தாம்ட்டி இருக்கும். வயித்துல உள்ளதுக்கு எலும்பு வளரணும்லா? தாய் பல்லுல இருந்துதான் எடுக்கும். பிள்ளைக்கு ஒரு பல்லு போகத்தான் செய்யும்."

இந்தப் பேச்சை நம்பி எத்தனை பெண்கள் பல்வலியை விதியென்று பொறுத்துக்கொண்டார்கள் என்று நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. வயிற்றுப் பிள்ளைக்கு வேண்டிய கால்சியம் தாயின் சாப்பாட்டிலிருந்து போகிறது. அது போதாவிட்டால் தாயின் எலும்பு கொடுக்கும். வளர்ந்து முடிந்த பல்லின் எனாமலில் உயிரணுவும் இல்லை, ரத்த ஓட்டமும் இல்லை. அங்கிருந்து எடுத்துப் போக வழியே கிடையாது.

செவ்வாய்

செல்போன் டார்ச்சை அடித்து அவள் வாய்க்குள் பார்த்தேன். முன்பக்கம் பல் வெள்ளையாகத்தான் இருக்கிறது. மேல்வரிசை முன்பற்களின் உள்பக்கம், நாக்கு படும் இடம், வழுவழுவென்று லேசாக மஞ்சள் பாய்ந்திருக்கிறது. வாந்தி வரும்போது வயிற்று அமிலம் நேராகப் போய் அடிக்கிற இடம் அதுதான். அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் அளவில் வயிற்று அமிலம் 1.5 முதல் 2 வரை இருக்கும். வாயில் பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும். அளவு ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். அந்தக் கணக்கைத் தங்கச்சி பல்லில் போட்டுப் பார்க்கத் திக்கென்றது.

அமிலத்தில் நனைந்த எனாமல் கொஞ்ச நேரம் இளகி இருக்கும். அந்த நேரம் பார்த்துப் பிரஷ் போட்டால் இளகினதெல்லாம் வழித்துக்கொண்டு வந்துவிடும். உப்பு, சாம்பல், உமிக்கரி என்றால் இன்னும் மோசம். உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. சும்மா விட்டால் அது அமிலத்தை அடக்கி, இளகிய இடத்தைக் கொஞ்சம் இறுக்கியும் விடும். தேய்ந்து போனது மட்டும் திரும்ப வராது.

புதன்

பதனி வந்தது. அம்மா அதில் மாங்காயை நறுக்கிப் போட்டுக் கொடுக்க, தங்கச்சி ஆசையாகக் குடித்தாள். பனையேறும் அண்ணாச்சியிடம், "இன்னைக்குச் சுண்ணாம்பு தூக்கலோ?" என்று கேட்டேன். "வெயிலு கொளுத்துதும்மா. கலயத்துல நல்லாத் தடவலைன்னா பொழுதுக்குள்ள புளிச்சிரும்" என்றார். பாளையிலிருந்து சொட்டுகிற நீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் அந்தச் சுண்ணாம்புதான் காக்கிறது. உமிழ்நீர் நம் வாய்க்குச் செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுவே. அதற்காக வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் போட்டால் பல்லுக்கு நல்லது என்று யாரும் நினைக்க வேண்டாம். கூடப் போகிற பாக்கு வாய்ப்புற்றைக் கொண்டுவரும்.

சாயங்காலம் தெருப் பிள்ளைகள் வந்தார்கள். 1961-இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்புச் சலாபத்தின்போது தாத்தா கொண்டுவந்த சிப்பி ஓடு வீட்டில் இருக்கிறது. அதைத் தொடாமல், கடற்கரையில் பொறுக்கிய சாதாரணச் சிப்பி ஒன்றை எலுமிச்சைச் சாற்றில் போட்டேன். நுரை கிளம்பியது, பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். சிப்பியும் முத்தும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரியமில வாயு குமிழியாக வரும். பல் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். நுரைக்காது, சத்தம் போடாது, கூசுகிறவரை ஒன்றும் தெரியாது. எனக்குப் பயமே அதில்தான்.

வியாழன்

தங்கச்சியின் தலையணைக்கடியில் புளிப்பு மிட்டாய்! குமட்டலுக்கு நல்லதென்று யாரோ சொன்னார்களாம். நாள் பூராவும் ஒதுக்கி வைத்துச் சப்புகிறாள். மாங்காயைச் சோற்றோடு தின்று முடித்தால் உமிழ்நீர் சமாளித்துக்கொள்ளும். மணிக்கணக்காகச் சப்பினால் அதற்கு மூச்சுவிட நேரமில்லை. எலுமிச்சை ஜூஸ், கலர் சோடா எதுவானாலும் இதே கதைதான்: எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எவ்வளவு நேரம் வாயில் வைத்திருந்தோம் என்பதுதான் பெரிது.

கொல்லையில் ஒரு செம்புத் தண்ணீரும் ஆப்பச்சோடா டப்பாவும் வைத்துவிட்டேன். வாந்தி எடுத்ததும் ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கலந்து கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல் தேய்ப்பது ஒரு மணி நேரம் கழித்து, மெத்தென்ற பிரஷ்ஷில். சப்புவதற்குச் சுக்குத் துண்டு கொடுத்திருக்கிறேன்.

சனி

தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிப் பல் டாக்டரைப் பார்த்தோம். இதுவரை மாதச் செக்கப்புக்குப் போன இடத்தில் ஒருவரும் அவளை வாயைத் திறக்கச் சொல்லவில்லை. இந்த டாக்டரம்மா கண்ணாடியை உள்ளே விட்டதுமே, "வாந்தி ரொம்ப இருக்கோ?" என்று கேட்டார். தேய்மானம் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறதாம். கூசும் இடங்களில் ஃபுளோரைடு பூசிவிட்டார். பேஸ்டில் ஃபுளோரைடு 1,000 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது, ராத்திரி தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம் என்றார். தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடுவதால் அந்த ஃபுளோரைடு பல்லில் தங்கியிருப்பது நல்லதாம். கர்ப்பிணிகள் பல் வைத்தியத்துக்குப் பயப்படவே வேண்டாம், நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை உட்கார்ந்து செய்துகொள்ளவும் தோதாக இருக்கும் என்றார். அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். பக்கத்துத் தெருவில் இன்னொரு பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். அவளையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.