பன் வீசும் ஊரில் ஒரு பழைய கார்

ஆக்ஸ்போர்டு ஸ்டேஷனில் இறங்கி 'அபிங்டனுக்கு எந்த பிளாட்பாரம்?' என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அந்த ஊருக்கு பாசஞ்சர் ரயில் 1963-லேயே நின்றுபோச்சு. பஸ்தான் கதி. பத்து கிலோமீட்டர் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில் அமைதியான ஊர். ராஜ குடும்பத்தில் முடிசூட்டு, கல்யாணம் என்று ஏதாவது வந்தால், கவுண்ட்டி ஹால் மொட்டைமாடியில் கவுன்சிலர்கள் ஏறி நின்று, கீழே கூடியிருக்கும் ஜனங்கள் மேல் பன் வீசுவார்கள். நிஜம் சார்! இருநூறு வருஷத்துக்கும் மேலான சம்பிரதாயம். நம்மூரில் கவுன்சிலர் மாடியில் ஏறினால் ஜனங்கள்தான் கீழேயிருந்து வீசுவார்கள்.

நான் போனது பன்னுக்காக அல்ல. எம்.ஜி. கார் பிறந்த ஊர் அது. எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ். ஆக்ஸ்போர்டில் ஆரம்பித்து, 1929-ல் அபிங்டனில் ஒரு பழைய தோல் தொழிற்சாலைக்குக் குடிபெயர்ந்தது. இங்கே 1962 முதல் 1980 வரை பூட்டப்பட்ட எம்.ஜி.பி. மாடல் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். 1979 செப்டம்பரில் ஊரே கூடி ஐம்பதாம் ஆண்டு விழா கொண்டாடியது. கொண்டாடி முடித்த கையோடு, திங்கட்கிழமை காலையில் 'ஆலையை மூடப் போகிறோம்' என்று அறிவிப்பு வந்தது. கேக் வெட்டின கத்தியைக் கழுவக்கூட நேரம் தரவில்லை. அடுத்த வருஷம் அக்டோபரில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கார்கள் என்னவோ சாகவில்லை. அதில் ஒன்று என் காலேஜ் சீனியர் வீட்டில் இருக்கிறது. மதுரைக்காரர், அபிங்டனில் கம்ப்யூட்டர் உத்தியோகம். 1972 மாடல், கரும்பச்சை, கூரையை மடக்கலாம். அந்த ஊர் மழைக்குக் கூரையை மடக்குகிற கார் எதுக்கு என்று அண்ணி கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

பானட்டைத் திறந்ததும், "தம்பி, எங்கேயோ பார்த்த முகமா இருக்கா?" என்றார்.

இருந்தது. நம்ம அம்பாஸடர்! அந்தக் காலத்து பெட்ரோல் அம்பாஸடரின் 1489 சி.சி. இன்ஜினும் எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. இன்ஜினும் ஒரே 'பி சீரிஸ்' குடும்பம். அண்ணன் நம்மூரில் ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி ஓட்டினார்; தம்பி அங்கே கண்ணாடி போட்டுக்கொண்டு காதலியோடு சுற்றினான்.

இந்த வயசு இன்ஜினை, கெட்ட பிறகு ரிப்பேர் செய்வதைவிட கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவு. அதிலும் அங்கே ஒரு சிக்கல். நம்மூர் எஃப்.சி. மாதிரி அங்கே எம்.ஓ.டி. என்று வருடாந்திரப் பரீட்சை. 2018 மே முதல், நாற்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு அது கட்டாயமில்லை. அதாவது வாத்தியார் போய்விட்டார். பையன் தானே படித்தால்தான் உண்டு.

சீனியருக்கு வாத்தியார் பக்கத்து வீட்டுப் பெரியவர். பதினாறு வயதில் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்து, கடைசி நாள்வரை ஸ்பானர் பிடித்தவர். டேப்பட் பார்க்க அவர் சொல்லித்தந்த 'ஒன்பது கணக்கு' பி.காம். படித்த எனக்கே புரிந்தது. எட்டு வால்வு. எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும். ஏழு திறந்தால் இரண்டு. ஐந்து திறந்தால் நான்கு. கூட்டினால் எப்பவும் ஒன்பது! இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டு கனம். அது இறுகிக்கொண்டே போனால் வால்வு சீட் தேய்கிறது என்று அர்த்தம். பெட்ரோலில் ஈயம் இருந்த காலத்தில் அது சீட்டுக்குக் கவசமாக இருந்தது. பிரிட்டனில் 2000-ல் அதை நிறுத்திவிட்டார்கள். 2021-ல் பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. பழைய ரப்பர் குழாய்க்கு அது எமன். ஆகவே சீனியர் குழாயை எல்லாம் மாற்றியாச்சு. விலை கூடின, எத்தனால் குறைந்த பெட்ரோல்தான் வாங்குகிறார். அண்ணிக்குத் தெரியாது.

நான் போன வாரம் வீட்டில் பனிப்போர். காரின் ஆயில் பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. சூடான இன்ஜின் ஓடும்போது முள் 50-க்கும் 80-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இதில் நாற்பது. சிக்னலில் நின்றால் பத்து. சீனியர், சம்ப்பைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்கிறார். அண்ணி, "ஓடிட்டுத்தானே இருக்கு? அந்தக் காசுக்கு என் கிச்சனுக்கு டைல்ஸ் ஒட்டலாம்" என்கிறார். இரண்டும் நியாயம்.

பெரியவர் கழற்ற அவசரப்படவில்லை. முதலில் வேறொரு கேஜ் மாட்டி முள் பொய் சொல்கிறதா என்று பார்த்தார். சொல்லவில்லை. பழைய ஆயிலை இறக்கி, கெட்டியான 20-50 ஊற்றினார். கொஞ்சம் ஏறியது, போதவில்லை. பிரஷர் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கை மாற்றினார். அசையவில்லை. "இனிமேல் கீழேதான்" என்றார்.

விஷயம் இதுதான். கிராங்க்கும் பேரிங் ஷெல்லும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவில் மெல்லிசாக ஆயில் ஓட வேண்டும். ஷெல் தேய்ந்தால் சந்து பெரிசாகி ஆயில் ஒழுகிப்போகும், பிரஷர் விழும். வாஷர் போன குழாய்க்கு எத்தனை மோட்டார் போட்டாலும் மாடிக்குத் தண்ணீர் ஏறுமா? ஷெல் செட்டின் விலை சில பத்து பவுண்டு. தேயவிட்டு கிராங்க்கில் கீறல் விழுந்தால் அதை எடுத்துக் கடைசல் பிடிக்க நூறுகளில் ஆகும். இன்ஜினே கைவிட்டால் ஆயிரங்களில். இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி அண்ணியிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உன்னை பி.காம். படிக்க வச்சது தப்பு" என்றார். அதை சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை காரை ஸ்டாண்டில் ஏற்றி, சம்ப்பை இறக்கி, பிக் எண்ட் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார் பெரியவர். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய ஷெல்லில் செம்பு பளபளத்தது. மேல்பூச்சு போய்விட்டது. அவர் பேசாமல் கிராங்க்கைத் துணியால் துடைத்து, விரல் நகத்தை அதன்மேல் ஓட்டினார். சீனியர் மூச்சுவிடவில்லை. நானும்தான். நகம் எங்கேயும் மாட்டவில்லை. மைக்ரோமீட்டர் வைத்து நாலு இடத்தில் அளந்தார். அப்புறம்தான் சிரித்தார்.

"இன்னும் ஒரு கோடை விட்டிருந்தால் போயிருக்கும்."

சாயங்காலத்துக்குள் புது ஷெல் ஏறிவிட்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்து, முள் எழும்வரை சும்மா சுற்றி, பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். பழைய ஆலை இருந்த மார்ச்சம் ரோடு பக்கமாக ஒரு ரவுண்டு போய்வந்தோம். ஆலை இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடங்கள். பெரியவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். அறுபது.

டேஷ்போர்டில் சீனியர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, மைல், என்ன வேலை, எவ்வளவு செலவு. அடுத்த வரியில் 'கூலன்ட் மாற்ற வேண்டும், அக்டோபர்' என்று எழுதினார். பக்கத்திலேயே அண்ணி கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது. 'கிச்சன் டைல்ஸ், செப்டம்பர்.'