பாதுகாப்பு தனிச்சரக்கா?

“நல்ல ஆன்டிவைரஸ் போட்டாச்சு, அப்புறம் எந்த சிஸ்டமா இருந்தா என்ன?” என்று கேட்பவர்களுக்கு 2024 ஜூலை 19-ஐ நினைவூட்டுகிறேன்.

கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் காவல் மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு முடங்கின. நம்மூர் விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு பிழை எப்படி முழுக் கணினியையும் சாய்க்கும்? அந்தக் காவல் மென்பொருள் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஓடியது. அங்கே ஒரு டிரைவர் தப்பான நினைவகத்தைத் தொட்டால் மொத்த சிஸ்டமும் நின்றுவிடும். இப்படிப்பட்ட மென்பொருள்கள் கெர்னலுக்கு வெளியே இருந்தே கண்காணிக்க ஆப்பிள் 2019-லேயே மேக்கில் வழி செய்துவிட்டது.

சரிசெய்வதும் லேசாக இல்லை. பல இடங்களில் ஒவ்வொரு கணினியாக சேஃப் மோடில் திறந்து ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ வேறு. அந்த வார இறுதியில் தூங்காத ஐடி ஊழியர்களை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

அடித்தளத்தை விட்டுவிட்டுப் பாதுகாப்பை மட்டும் தனியாக வாங்கி ஒட்டவைக்க முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் அலுவலகத்தில் அது இன்னும் ஓடுகிறதென்றால், ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கும் முன் தயவுசெய்து அதைக் கவனியுங்கள்.